கணினி விளையாட்டுத் திரையில் தமிழெழுத்து: பழுது எந்த அடுக்கில்?



இப்பொழிவு வரிசையில் இலக்கணமும் அகராதியும் பெயராய்வும் பேசப்பெற்றுள்ளன. கணினி விளையாட்டைப் பற்றி மொழியியல் கற்றவர் பேச என்ன இருக்கிறது என்ற ஐயம் அவையில் சிலருக்கு எழலாம். கிள்ளானில் மூன்றாம் படிவம் பயிலும் மாணவர் ஒருவர் நம்மிடம் கொண்டுவந்த செய்தியிலிருந்து தொடங்கினால் அவ்வையம் நீங்கும்.

அவர் விளையாடுவது மைன்கிராஃப்ட். அதில் வெளியார் எழுதிய கூடுதல் நிரல்களைச் சேர்க்கலாம். அவற்றை மாணவர் ‘மோட்’ என்கின்றனர். சொல் வழங்கிவிட்டது, நாமும் அதையே வழங்குவோம். தாம் விரும்பிய மோட் ஒன்றில் தமிழ் இல்லையே என்று எண்ணி, அதன் மொழிக்கோப்பில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட சொற்களை அவரே தமிழாக்கியிருக்கிறார். கோப்பைச் சேர்த்துத் திறந்தபோது திரையில் தமிழ் சிதறிக் கிடந்தது. ஒரு கணினிக் கடையில் காட்டினார். வரைகலை அட்டை பழையது, அதன் டிரைவரும் பழையது, அட்டையை மாற்றினால் சரியாகும் என்றார்கள். பல நூறு ரிங்கிட் செலவில் அட்டை மாறியது. மலையும் நீரும் முன்னினும் அழகாகத் தெரிந்தன. தமிழ் சிதறியது சிதறியபடியே இருந்தது. இறுதியில் அவர் விளையாட்டின் மொழியை ஆங்கிலமாக்கிவிட்டு, “தமிழ் கணினிக்கு ஒத்துவரவில்லை, ஐயா” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை மறுப்பதே இவ்வுரையின் நோக்கம். அவர் செலவழித்த பணத்தைக் காட்டிலும் அவர் அடைந்த முடிவு நமக்குப் பெரிய இழப்பு. நூறு சொற்களுக்குத் தமிழ் தேடிய ஒரு பதினைந்து வயதினர், தவறான நோயறிதலால் மொழியைக் குற்றவாளியாக்கிச் சென்றுவிட்டார்.

ஓர் எழுத்து திரைக்கு வரும் வழியில் நான்கு நிலைகளைக் கடக்கிறது. முதலில் அது எண்ணாகச் சேமிக்கப்படுகிறது, இது குறியாக்கம். அந்த எண்ணுக்குரிய வடிவத்தை எழுத்துரு தருகிறது. அடுத்தடுத்த வடிவங்களை மொழியின் மரபுப்படி இடம் மாற்றியும் சேர்த்தும் அமைக்கும் வேலை ஒன்று உண்டு. அதை எழுத்திணைப்பு என்போம். கடைசியில் முடிந்த உருவத்தை வரைகலை அட்டையும் அதன் இயக்கியும் திரையில் தீட்டுகின்றன, இது வரைவு. பழுது இந்நான்கில் எங்கும் நேரலாம். ஒவ்வோர் அடுக்கின் பழுதும் தனக்கென ஓர் அடையாளத்தோடு வருவதால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிகிறது.

குறியாக்கம் பிழைத்தால் தமிழே தெரியாது. ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்; ஆகமொத்தம் 15. கோப்பைப் படிக்கும் நிரல் அவற்றை ஐரோப்பிய எழுத்துகள் என்று எண்ணிக்கொண்டால், தலையில் கோடும் புள்ளியும் ஏறிய இலத்தீன் எழுத்துகள் ஏறத்தாழ மும்மடங்கு நீளத்தில் வந்து நிற்கும். கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் மறுபடி சேமித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எழுத்துரு இல்லையென்றால் எழுத்துக்கு ஒன்றாகப் பெட்டிகள் வரும். கணினியாளர் அப்பெட்டிகளைத் ‘தோஃபு’ என்பர்; கூகுள் நிறுவனத்தின் ‘நோட்டோ’ எழுத்துருத் தொகுதிக்குப் பெயர் வந்ததே ‘தோஃபு வேண்டாம்’ என்ற கருத்தில்தான். பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தட்டில் கண்ட தௌஹுவைத் திரையிலும் காண்கிறார், அவ்வளவே.

மூன்றாம் அடுக்கில்தான் நம் மாணவரின் தமிழ் சிதறியது. இதற்கு ஒரு சோதனை சொல்கிறோம், செலவில்லாதது. நம்மூர்ப் பெயர்கள் சிலவற்றை அந்த மொழிக்கோப்பில் இட்டு விளையாட்டைத் திறந்து பாருங்கள்: கிள்ளான், காஜாங், டாமன்சாரா, கோலாலம்பூர், பூச்சோங், செந்தூல். எழுத்திணைப்பு இல்லாத திரையில் முதல் மூன்றும் ஏறக்குறையத் தப்பிவிடும். புள்ளி சற்று விலகி நிற்கலாம், படிக்க முடியும். பின்மூன்றும் உடையும். ‘கோலாலம்பூர்’ என்பதில் ககரம் முதலில் வந்து, அதன் கொம்பும் காலும் பின்னால் தனியே நிற்கும். ‘பூ’ என்ற எழுத்து பகரமாகவும் அதன்பின் ஒட்டாத ஊகாரக் குறியாகவும் பிரியும். ‘செந்தூல்’ இரண்டு இடங்களில் உடையும்.

கிள்ளான் பிழைத்துக் கோலாலம்பூர் உடைவதன் காரணம் நம் எழுத்தின் இயல்பில் இருக்கிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பிய நூன்மரபின் கருத்து. யூனிகோடும் அதே வரிசையில்தான் சேமிக்கிறது: முதலில் ககரம், பிறகு எகரக்குறி. ஆனால் கை எழுதும் வரிசை வேறு. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை ‘கெ’ எழுதும்போது கொம்பை முதலில் போட்டு, ககரத்தை அடுத்து எழுதுகிறது. பழைய தட்டச்சுப்பொறியிலும் கொம்பைத்தான் முதலில் தட்டினோம். ஒலிவரிசையை வரிவடிவ வரிசையாக மாற்றித் தரும் வேலையைக் கணினியில் யாரேனும் செய்தாக வேண்டும். ஆகாரக் கால், இகர ஈகாரக் குறி ஆகியன எழுத்தின் வலப்பக்கமே வருவதால் அவற்றில் ஒலிவரிசையும் வரிவடிவ வரிசையும் ஒன்று. எகர ஏகார ஐகாரங்களில் குறி இடப்பக்கம் தாவுகிறது. ஒகர ஓகார ஔகாரங்களில் இருபுறமும் பிளந்து நிற்கிறது. உகர ஊகாரங்களிலோ எழுத்தே உருமாறுகிறது. கு, சு, மு, ரு ஆகிய நான்கையும் அருகருகே எழுதிப் பார்த்தால் ஒரே உயிர்க்குறிக்கு எத்தனை வடிவம் என்பது விளங்கும். எழுத்திணைப்பில்லாத விளையாட்டு, ஒலியனியல் கற்று எழுத்தியல் கற்காத மாணவரைப் போன்றது. அது எழுத்தை வரிசைப்படுத்துவது சரி. எழுதிக் காட்டுவது தவறு.

இவ்வேலையை விண்டோஸ் இயங்குதளம் தமிழுக்கு 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே செய்து வருகிறது. அப்படியானால் அதே கணினியில் ஓடும் விளையாட்டில் ஏன் உடைகிறது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. விளையாட்டுகள் பெரும்பாலும் இயங்குதளத்திடம் எழுத்தைக் கேட்பதில்லை. வேகம் கருதி, எழுத்துகளின் படங்களை ஒரே தாளில் முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொண்டு, எண்ணுக்கு ஒரு படமாக வெட்டி ஒட்டுகின்றன. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, தன் எழுத்துருவில் இல்லாத எழுத்துகளுக்குக் குனு யூனிஃபான்ட் என்ற புள்ளிப்பட எழுத்துருவை நாடுகிறது. அதில் தமிழ் எழுத்துகள் உண்டு. எண்ணுக்கு ஒரு படம் என்ற முறையே சிக்கல். ஆங்கிலத்துக்கு அது போதும், மலாய் ரூமிக்கும் போதும்.

ஜாவியைப் பாருங்கள். மைன்கிராஃப்டின் மொழிப்பட்டியலில் தமிழும் உண்டு, ரூமி மலாயும் உண்டு, ஜாவி எழுத்தில் மலாயும் உண்டு. அரபெழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவம் மாறுவது. வலமிருந்து இடமாக வேறு செல்வது. தமிழைவிடக் கடினமானதுபோல் தோன்றும். ஆயினும் நாம் பார்த்த பதிப்புகளில் அரபு இணைந்து நிற்கிறது, தமிழ் உடைகிறது. இதில் ஓரவஞ்சனை ஏதுமில்லை. அரபெழுத்தின் முதல், இடை, கடை வடிவங்களுக்குப் பழைய குறியாக்கங்களோடு ஒத்துப்போகும் பொருட்டு யூனிகோடு தனித்தனி எண்களைத் தந்து வைத்திருக்கிறது. ஆகவே ஓர் எண்ணை எடுத்துவிட்டு வேறோர் எண்ணை வைத்தால் போதும். படத்தாளில் அதற்கும் ஒரு படம் இருக்கும். தமிழின் ‘கு’வுக்கோ ‘பூ’வுக்கோ அத்தகைய தனியெண் இல்லை. எழுத்துருவுக்குள் இருக்கும் விதிப்பட்டியலைப் படித்து இயக்கினால்தான் ‘பூ’ பிறக்கும். ஜாவியிலும், மலாய்க்கென்றே சேர்ந்த ங, ஞ ஒலிக்குரிய எழுத்துகளுக்கு அந்தத் தனியெண்கள் கிடையா. அவ்விரண்டும் நம்மோடு ஒரே வரிசையில் நிற்கின்றன!

தமிழுக்கு அப்படிப்பட்ட வடிவவழிக் குறியாக்கங்கள் இல்லாமலில்லை. இம்மண்ணில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் காலத்திலிருந்து, தஸ்கி, 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் வரை, அக்காலத் திட்டங்கள் கொம்பையும் காலையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன. எழுத்திணைப்பு அறியாத பழைய நிரலிலும் அவற்றால் தமிழ் தெரிந்தது. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய நாள்களில் யூனிகோடா, எட்டு பிட் குறியாக்கமா என்ற வாதம் சூடாகவே இருந்தது. யூனிகோடு வென்றது, வென்றது நன்றே. தேடல், அகரவரிசை, வாசித்துக்காட்டல் ஆகிய அனைத்துக்கும் ஒலிவரிசையே உகந்தது. ஆனால் அந்த வெற்றியோடு, எழுத்திணைப்பு இருந்தே ஆகவேண்டும் என்ற கடப்பாடும் வந்தது. அக்கடப்பாட்டை இயங்குதளங்களும் உலாவிகளும் நிறைவேற்றிவிட்டன. விளையாட்டுகளில் ஒரு பகுதி இன்னும் நிறைவேற்றவில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஹார்ஃப்பஸ் என்ற எழுத்திணைப்பு நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. பாரசீகத்தில் அப்பெயர் ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும். அன்ரியல் விளையாட்டுப் பொறி அதைப் பயன்படுத்துகிறது. 2023 மார்ச்சில் வெளிவந்த கோடோ நான்காம் பதிப்பும் அதைச் சேர்த்துக்கொண்டது. அவற்றில் செய்த விளையாட்டுகளில், செய்தவர் அவ்வசதியை முடக்காதவரை, ‘பூச்சோங்’ உடையாது. மற்றவற்றில் ஒட்டுப்போடும் வழி ஒன்றுண்டு: 247 எழுத்துகளுக்கும் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் தனித்தனி எண் கொடுத்து, அவற்றுக்குப் படங்களை எழுத்துருவாகத் தருவது. 2010இல் தமிழக அரசு மாற்று ஏற்பாடாக ஏற்ற டேஸ்-16 குறியாக்கத்தின் கருத்தும் இதுதான். மோட் செய்யும் மாணவருக்கு இவ்வழியை நாம் தடுக்கமாட்டோம். மூலக்கோப்பை மட்டும் யூனிகோடிலேயே வைத்திருந்து, திரைக்குப் போகும் படியை அதிலிருந்து மாற்றி எடுக்கட்டும். ஒட்டுப்போட்ட படியையே மூலமாக்கிவிட்டால் அதில் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. பார்வையற்ற விளையாட்டாளருக்குத் திரையை வாசித்துக்காட்டும் கருவிக்கும் அது வெறும் ஊமை.

இனி, கடைக்காரர் பழிசுமத்திய நான்காம் அடுக்கு. வரைகலை இயக்கிக்கு மொழி தெரியாது. அதற்கு வந்து சேர்வன முக்கோணங்களும் அவற்றின்மீது ஒட்டவேண்டிய படத்துண்டுகளும் மட்டுமே. ‘அ’வும் ஆங்கில எழுத்தும் கருங்கல்லும் அதற்கு ஒன்றே. ஆகவே இயக்கி பழுதானால் தமிழோடு ஆங்கிலமும் கெடும்; சுவரும் வானமும் சேர்ந்து கெடும். ஆங்கிலம் ஒழுங்காக நின்று தமிழ் மட்டும் சிதறினால் இயக்கி குற்றமற்றது. இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் அந்த மாணவரின் வீட்டில் ரிங்கிட் மிஞ்சியிருக்கும்.

உண்மையிலேயே வரைவு அடுக்கு பழுதாகும்போது விளையாட்டு திறக்கவே மறுக்கும், அல்லது கற்கள் கருக்கும், நிழல்கள் மினுக்கும். விண்டோஸை மறுபடி நிறுவியபின் அட்டை நிறுவனத்தின் இயக்கி சேராமல், மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படைக் காட்சி இயக்கி மட்டும் இருப்பது ஒரு காரணம். அது ஓப்பன்ஜிஎல் 1.1 அளவோடு நின்றுவிடும். 2021 ஜூனில் வந்த மைன்கிராஃப்ட் 1.17 கேட்பதோ 3.2. அட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து உரிய இயக்கியை நிறுவினால் சரியாகும். ஆனால் 2011 வாக்கில் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் சில்லுகளுக்கு விண்டோஸில் 3.1 தான் எல்லை. அங்கே எந்த அமைவை மாற்றியும் பயனில்லை, 1.16 பதிப்பை விளையாடுவதே வழி. இரண்டு வரைகலைச் சில்லுகள் கொண்ட மடிக்கணினியில் விளையாட்டு மெலிந்த சில்லில் ஓடிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நேர்வது. விண்டோஸின் காட்சி அமைவுகளில் அந்நிரலுக்கு வலிய சில்லை ஒதுக்க வேண்டும்.

மோட்கள் சேர்ந்த விளையாட்டில் இயக்கியைத் தொடுமுன் மோட்களைப் பாருங்கள். உலகக் கோப்புறையைப் படியெடுத்து வைத்துவிட்டு, எல்லா மோட்களையும் நீக்கித் திறக்க வேண்டும். சரியாக ஓடினால் இயக்கியும் அட்டையும் நலம். பிறகு பாதியைச் சேர்த்துப் பார்ப்பது, பழுது வந்தால் அந்தப் பாதியைப் பாதியாக்குவது. குற்றவாளி ஒன்றேயானால் 64 மோட்களில் 6 முறையில் அகப்படும். ஒன்றையொன்று சார்ந்த மோட்களைப் பிரிக்காமல் சேர்த்தே நகர்த்துக. சில மோட்கள் தனித்தனியே நல்லவை, சேர்ந்தால் ஆகாதவை. ஆப்டிஃபைனும் சோடியமும் அத்தகையவை. வேகம் குறைந்ததென்றால் முதலில் பார்வைத் தொலைவைக் குறைக்கலாம். எட்டுத் துண்டத் தொலைவில் கணினி சுமப்பது 17 பெருக்கல் 17, அதாவது 289 துண்டங்கள். முப்பத்திரண்டாக்கினால் 65 பெருக்கல் 65, அதாவது 4,225. நான்கு மடங்கு கேட்டோம் என்று பிள்ளைகள் நினைப்பது ஏறக்குறைய பதினைந்து மடங்கு.

இவற்றை நாம் தமிழில் சொல்ல முடிந்ததைக் கவனித்திருப்பீர்கள். ‘இயக்கி’ என்ற சொல் நமக்குப் பிடித்தது. இயங்கு, இயக்கு என்பது அடங்கு, அடக்கு போன்ற தன்வினை பிறவினை இணை. தானே இயங்காத அட்டையை இயங்கச் செய்வது இயக்கி. மலாயில் இதைப் ‘பெமாச்சு’ என்பர். குதிரையை முடுக்கும் வினையிலிருந்து பிறந்தது. நம் சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துத் திரும்பும் தெய்வம் ஓர் இயக்கி. தென்பாண்டி நாட்டு இசக்கியம்மனும் அவள் வழியினளே. சொல் அது வேறு, இது வேறு. ஒலி மட்டும் ஒன்று. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். வரைகலை, அமைவு, பிரிதிறன் ஆகியனவும் நிலைத்துவிட்டன. ‘ஷேடர்’ என்பதற்கு ‘நிழலாக்கி’ என்பாருளர். அது ஒளியையும் நிறத்தையும் நீரலையையும் கணிப்பதாதலால் அச்சொல் பொருளைக் குறுக்குகிறது. நல்ல சொல் அமையும்வரை ஷேடர் ஷேடராகவே இருக்கட்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரைப் பயிற்சியில் ‘பூங்காவில் ஒரு மாலை’ ஆண்டுதோறும் வருகிறது. அதனிடையே ஒருமுறை பழுதறிக்கை எழுதச் சொல்லுங்கள். கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்தெழுதும் பயிற்சியை இவ்வளவு இயல்பாகத் தரும் தலைப்பு வேறு அரிது. கிள்ளான் மாணவர் பின்னர் நம் வேண்டுகோளின்படி எழுதியதைச் சற்றுச் சுருக்கிப் படிக்கிறோம்:

“விளையாட்டு மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு. எல்லா மோட்களையும் நீக்கிப் பார்த்தேன். விளையாட்டின் சொந்தத் தமிழும் அவ்வாறே தெரிகிறது. ஆகவே என் மொழிக்கோப்பு காரணமன்று. பெட்டிகள் இல்லை, இலத்தீன் எழுத்துகள் இல்லை. ஆங்கிலமும் மலாயும் சரியாக உள்ளன. கிள்ளான், காஜாங் படிக்க முடிகிறது. கோலாலம்பூர், செந்தூல் உடைகின்றன: எகர ஓகாரக் கொம்புகள் எழுத்தின் வலப்பக்கம் நிற்கின்றன, ஊகாரம் ஒட்டவில்லை. எழுத்திணைப்பு நடைபெறவில்லை என்று கருதுகிறேன். திரைப்படம் இரண்டு இணைத்துள்ளேன்.”

இவ்வறிக்கையை அவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அந்த மோட் செய்தவருக்கு அனுப்பியிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை. விளையாட்டின் மொழியை மட்டும் மறுபடி தமிழாக்கி வைத்திருக்கிறார்.